கவர் மாறிப் போன இரண்டு படங்கள்

திண்டுக்கல்,
14.8.1999

அன்பு மகள் சகாயசெல்விக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. ஆரோக்கிய மாதா துணையால் நானும் அப்பாவும் இங்கே சுகம், மஸ்கட்டில் நீயும் உன் ஆஸ்பத்திரித் தோழிகளும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் பூசையில் உன் பெயரைச் சொல்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் கட்டுக்குள் இல்லை. எனக்கு முட்டி வலி. வயதின் மேல் பழி போடாதே, கடைக்கு மாடியில் இடம் பிடித்த என் புத்திதான் காரணம்.

நீ அனுப்பிய கேமராவை வைத்துக்கொண்டு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே ஸ்டுடியோ திறந்தேன் அல்லவா, அந்தக் கதையை உனக்கு முழுதாக எழுதவே இல்லை. படம் பிடிக்கத் தெரிந்தால் கடை நடத்தத் தெரியும் என்று நினைத்துவிட்டேன் செல்வி. பட்டுச்சேலை கட்டி வருகிறவர்கள் இருபத்திரண்டு படி ஏறி வருவதற்குள் முகத்துப் பவுடர் கழுத்துக்கு வந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. பின்னால் தொங்கவிடும் சீலையில் கொடைக்கானல் ஏரி வேண்டும் என்று பெயிண்டர் முத்துச்சாமியிடம் சொன்னேன், அவர் அழகாக இருக்கட்டும் என்று நட்டநடுவில் ஒரு தென்னை மரத்தையும் வைத்துவிட்டார், யாரை உட்கார வைத்தாலும் உச்சந்தலையில் தென்னை முளைக்கிறது. இரண்டு விளக்கையும் சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் போய் கீழே டெய்லர் கடையில் அயர்ன் பாக்ஸ் அணைந்துவிடும், அவர் அங்கிருந்தே “யக்கா, சிரிச்சு முடிச்சாச்சா, நான் துணி தேய்க்கலாமா?” என்று சத்தம் போடுவார். இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட ஆபீசில் ரிஜிஸ்டர் எழுதியவள் நான், ஒரு கையெழுத்து விட்டுப்போனால் தலைமையாசிரியரையே வராண்டாவில் நிறுத்திக் கேட்டவள், என் சொந்தக் கடைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுக்கூடப் போடவில்லை. யார் வந்தார்கள், என்ன படம், எந்த ஊர், எல்லாம் மனதில் நிற்கும் என்று அவ்வளவு நம்பிக்கை.

போன மாதம் ஒரே நாளில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அய்யலூர்ப் பக்கம் ஆட்டு வியாபாரி, இறந்துபோன தன் அய்யாவின் படத்தைப் பெரிதாக்கிக் கேட்டார், முதல் வருஷத் தெவசத்துக்கு வேண்டுமாம். இன்னொருத்தி ஒச்சாயி, மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் வேலை. அவள் புருஷன் லோடுமேனாக இருந்து ஆறு வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டார், அவருடைய சங்க அட்டையிலிருந்து உரித்தெடுத்த நகம் அளவு படத்தைக் கொண்டுவந்தாள், அதுவும் ஒரு மூலையில் சீல் குத்தியது. “இம்புட்டுத்தாம்மா இருக்கு அவரு, இதையும் தொலைச்சுப்புடாதீக” என்று என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டுப் போனாள். நானும் பெரிய மனுஷி மாதிரி, கவலைப்படாதே என்று தலையாட்டினேன். இரண்டையும் படம் எடுத்து லேபுக்கு அனுப்பி, பெரிய படங்கள் வந்ததும் பழைய படத்தையும் சேர்த்து ஆளுக்கொரு கவரில் போட்டேன். கவரின் மேல் பெயர் எழுதவில்லை. ஆட்டு வியாபாரி முதலில் வந்தார், அவசரம் என்றார், கொடுத்தேன். மறுநாள் ஒச்சாயி வந்து கவரைப் பிரித்துப் பார்த்தாள், படத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். பிறகு மெதுவாக, “இவரு யாருன்னு தெரியலையேம்மா” என்றாள்.

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. லேபில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், வாங்கித் தருகிறேன் என்று பாவம் அந்த லேப்காரர் தலையில் போட்டேன். நான்கு நாளில் மூன்று முறை மண்டி வேலையை விட்டுவிட்டுப் படியேறி வந்தாள், மூன்று முறையும் லேப் என்றேன். நெகட்டிவ் இருக்கிறது, பெரிய படத்தை மறுபடி போட்டுவிடலாம், அந்தச் சின்னப் படத்துக்கு நான் எங்கே போவேன். கடைசியில் அப்பாவிடம் சொன்னேன். கண்டக்டர் புத்தி எங்கே போகும், “ஏம்மா, டிக்கெட்டே கிழிக்காம ஆள ஏத்தி விட்டுருக்க, அவுக எங்க எறங்குனாகன்னு இப்ப யாரக் கேப்ப?” என்றார். நீ பிரசவ வார்டில் குழந்தைகள் கையில் பெயர்ப்பட்டை கட்டுகிறாய் என்று எழுதினாயே, அதை இரண்டு முறை பார்த்துக் கட்டு ஆத்தா, உன் உடம்பிலும் என் ரத்தம்தான் ஓடுகிறது.

அந்த வியாபாரியின் பெயர் எனக்குத் தெரியாது. அய்யலூர், ஆடு, தோளில் சிவப்புத் துண்டு, இவ்வளவுதான் ஞாபகம். சந்தை நாளன்று பஸ் ஏறிப் போனேன். ஆட்டுச் சந்தை விடியும் முன்பே கூடுமாம், நான் சாவகாசமாகக் காபி குடித்துவிட்டு எட்டரைக்குப் போய் இறங்கினேன், பாதி வேன்கள் கிளம்பிவிட்டன. மீதி இருந்த அத்தனை பேர் தோளிலும் சிவப்புத் துண்டு. வேறு வழியில்லாமல் அவருடைய அய்யா படத்தை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஆடுகளுக்கு நடுவில், “இவரைத் தெரியுமா, இவரைத் தெரியுமா” என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். ஒருவர் “எப்பத்துல இருந்து காணலங்க?” என்று விசாரித்தார். இன்னொருவர் உத்துப் பார்த்துவிட்டு, “இவரு செத்து வருசம் ஒண்ணாச்சே, இப்ப வந்து தேடுறீகளே” என்றார். அவரை விட்டேனா, கையைப் பிடித்துக்கொண்டேன். அவர்தான் மகனிடம் கூட்டிக்கொண்டு போய் விட்டார். அந்த வியாபாரியின் பெயர் ராமர் என்று அப்போதுதான் தெரிந்தது.

ராமர் என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “ரெண்டு தரம் வந்தேங்கம்மா. ரெண்டு தரமும் கடை பூட்டிக் கெடந்துச்சு. போர்டு அம்புட்டுப் பெருசா வச்சிருக்கீக, எப்பத் தொறப்பீகன்னு ஒரு வரி எழுதப்படாதா? ஒரு போன் நம்பராச்சும்?” என்றார். தலையைக் குனிந்துகொண்டு தெவசம் எப்படி நடந்தது என்று கேட்டேன். “சொந்தபந்தமெல்லாம் வந்து உக்காந்தப்பெறகு கவரப் பிரிச்சோம். ஆரோ ஒருத்தரு இருக்காரு. மாலைய வாங்கி வச்சாச்சு, என்ன செய்ய? எங்கய்யா தோள்ல போடுற துண்டு ஒண்ணு இருந்துச்சு, அத நாற்காலியில மடிச்சு வச்சு அதுக்குப் போட்டோம்” என்றார். செல்வி, அதுவரை என் முட்டாள்தனத்தை நினைத்து எனக்கே உள்ளுக்குள் சிரிப்பு வந்துகொண்டிருந்தது, அதோடு நின்றுவிட்டது. படத்தைக் கொடுத்தேன். வாங்கித் துண்டால் தூசியைத் துடைத்தார், என் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் மனைவி ஜோதிமணி டிரங்குப் பெட்டியிலிருந்து ஒச்சாயி புருஷனை எடுத்துக் கொடுத்தாள், சின்னப் படம் தனியாகத் தாளில் மடித்துப் பத்திரமாக இருந்தது. “யாரு வீட்டு ஆம்பளையோ, தேடுவாகல்லன்னு வச்சிருந்தேன்” என்றாள். மோர் வேறு கொடுத்தாள். குடிக்க வெட்கமாக இருந்தது, குடித்தேன்.

அங்கிருந்து நேராக வெங்காய மண்டிக்குப் போய் ஒச்சாயியிடம் லேப்காரர் மேல் தப்பில்லை, தப்பு முழுக்க என்னுடையது என்று சொல்லிவிட்டேன். “அது மொத நாளே தெரியும், நீங்க எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லலயே” என்றாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். சட்டையில் மார்புக்கு நேராக வெள்ளையாக ஒரு சின்னக் கோடு இருந்தது, பழைய படத்தில் விழுந்த கீறலாக இருக்கும், டச்சப் பண்ணுகிறவரிடம் சொல்லி அழித்துத் தருகிறேன் என்றேன். அவள் வெடுக்கென்று படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “கீறல் இல்லம்மா, ஊக்கு. அன்னைக்குப் போட்டோவுக்குப் போகையில பட்டனு அந்து போச்சு. தச்சுக் குடுடின்னாரு, செத்தப் பொறுங்கன்னேன். நேரமாச்சுன்னு எந் தாலியில கெடந்த ஊக்க உருவிக் குத்திக்கிட்டுப் போயிட்டாரு. சின்னப் படத்துல இது தெரியவே இல்ல” என்றாள். அப்புறம் அந்த வெங்காயச் சருகுக் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுதது நானா அவளா என்று கேட்காதே, அங்கே எல்லார் கண்ணிலும் தண்ணீர்தான்.

இப்போது அப்பாதான் கடையின் மேனேஜர் என்று சொல்லிக்கொள்கிறார். பஸ் டிக்கெட் மாதிரி நம்பர் போட்டு இரண்டாகக் கிழிக்கிற சீட்டு அச்சடித்துவிட்டார், பாதி கவரில், பாதி அவர்கள் கையில். ரிஜிஸ்டர் நான் போடுகிறேன். தென்னை மரத்தின் மேல் முத்துச்சாமி நீலம் அடித்து ஆகாயமாக்கிவிட்டார். மின்சார ஆபீசில் கடைக்குத் தனி இணைப்பு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவர்கள் மூன்று முறை வரச் சொல்லியிருக்கிறார்கள், நான் யாரையும் குறை சொல்லும் நிலையில் இல்லை. போன வாரம் அய்யலூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது, ராமர் அனுப்பினாராம். “நல்லா எடுப்பாக, ஆனா கவர அங்கனயே பிரிச்சுப் பாத்து வாங்கிட்டு வாங்கன்னு சொன்னாரு” என்றார்கள். நியாயம்தானே.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் நீ கேட்கும்போதெல்லாம் கடை அமோகமாக நடக்கிறது என்று சொன்னேனே, பொய். மெதுவாக நடக்கிறது என்பதுதான் உண்மை, அதைச் சொன்ன பிறகு முட்டி வலிகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. நீயும் போனில் எல்லாம் பழகிவிட்டது, ஒரு கஷ்டமும் இல்லை என்றே சொல்கிறாய். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, யாராவது மனம் நோகப் பேசுகிறார்களா, இருப்பதை இருப்பது மாதிரி ஒரு கடிதம் எழுது ஆத்தா. திரும்பி வரவேண்டும் போல் இருந்தாலும் எழுது, அம்மாவும் அப்பாவும் ஏன் என்று கேட்கமாட்டோம். அண்ணன் செழியனிடம் மட்டும் இந்த அய்யலூர் விஷயத்தைச் சொல்லிவிடாதே, தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க வருகிறவன் பொங்கல் வரைக்கும் சிரிப்பான். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அப்பா உனக்கு முத்தம் தரச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் பதிலை எதிர்பார்க்கும் அம்மா,
அ. லூர்தம்மாள்