ஃபரீதா சொல்லித் தந்த எலும்புப் பெயர்கள்

3 மார்ச் 1964, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. எல்கடுவ மலையே தெரியவில்லை. தோட்டத்து லய வீடுகளில் இரண்டு பிரசவம் பார்த்தேன், இரண்டும் பெண். மத்தியானத் தபாலில் கடிதம். பெரிய ஆஸ்பத்திரி மருத்துவச்சி வேலைக்கு வாய்மொழிப் பரீட்சை, அடுத்த செவ்வாய், கண்டியில். எல்லாம் இங்கிலீசில்.

எனக்கு இரண்டாம் தடவை. போன தடவை இடுப்பெலும்பைக் காட்டி, இஸ்கியத்தை 'இஷ்சியம்' என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். அப்புறம் தெரிந்த பதில்கூட வாயில் வரவில்லை. எழுதச் சொன்னால் ஓர் எழுத்துப் பிழைகூட விடமாட்டேன்.

4, புதன்

மழை. கத்தரிக்கோல் கொதிக்க வைக்க. ஆறாம் லயத்துப் பிள்ளைக்குத் தொப்புள் பார்க்க. வெள்ளைச் சேலைக்கு நீலம்.

நாள் முழுக்க ஃபரீதா ஞாபகம். பயிற்சி விடுதியில் பக்கத்துக் கட்டில். மாத்தளைச் சோனகப் பெண். காலையில் தலை துவட்டிக்கொண்டே தன் தோளைத் தட்டுவாள், "ஸ்கெப்பியுலா." நெஞ்சுக்குக் கீழே கை வைத்து, "டயஃப்ரம். ஜீ எழுத்துக்குச் சத்தமில்ல புள்ள, அத விழுங்கிரு." நான் விழுங்கமாட்டேன். இரண்டு பேரும் சிரித்தே வகுப்புக்குப் பிந்துவோம். என்ன நாட்கள்!

பயிற்சியின் கடைசிப் பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்க அவள் வாப்பா வந்து கூட்டிப்போனார். கல்யாணம். தன் பாடக் குறிப்புக் கொப்பியை என் கையில் தந்துவிட்டுப் போனாள். அதைப் படித்துத்தான் பாஸானேன். ஒன்பது வருஷமாக மாத்தளை டவுனுக்குப் போகிறேன், அவள் வீட்டுப் பக்கம் மட்டும் போனதில்லை. எந்த முகத்தோடு?

8, ஞாயிறு

வெயில். போனேன். சாக்குகளுக்கு நடுவே மிளகு காய வைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பருத்திருக்கிறாள். "ராசம்மாவா? எப்பிடி புள்ள ஈக்கிற?" என்று மிளகுக் கையோடு கட்டிக்கொண்டாள். விஷயம் சொன்னேன். கையில் ஒட்டிய மிளகைத் தட்டிவிட்டாள். பிறகு, "சரி, இடுப்பிலருந்து தொடங்கு."

இலியம். இஸ்கியம். சேக்ரம். கொக்ஸிக்ஸ். ஒன்றும் மறக்கவில்லை அவள். உள்ளேயிருந்து புருஷன் குரல்: "என்னா அது, பேய் ஓட்டுறீங்களா?"

பஸ் வரும் வரை 'இஸ்கியம்' நாற்பது தடவையாவது சொல்ல வைத்தாள்.

10, செவ்வாய்

கண்டி. மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். இஸ்கியம் வந்தது. சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சாயந்தரமே பெயர் வாசித்தார்கள். எனக்கு வேலை.

15, ஞாயிறு

பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு ஃபரீதா வீட்டுக்கு. பாஸ் என்றதும் துள்ளினாள். பிறகு மெதுவாக, "என்னென்ன கேட்டாங்க?"

சொல்லப் போனேன். கையை நீட்டி மறித்தாள். "அப்பிடியில்ல. என்னக் கேளு."

முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு எனக்கு முன்னால் நேராக நின்றாள். "குட் மோர்னிங், மேடம்." அந்த மூன்று பேரும் கேட்ட பதினொரு கேள்வியையும் கேட்டேன். பதினொன்றுக்கும் பதில். நான் தடுமாறிய இரண்டுக்கும் கூட.

"பாஸா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"வாயால சொல்லு புள்ள. உள்ளுக்கு அவருக்கும் கேக்கணும்."

சொன்னேன்.