அடியில் இருந்த பெட்டி

செவ்வாய்க்கிழமை.

தண்ணித் தாங்கியில பைப் பூட்ட வட்டமா ஓட்டை வெட்ட வேணும். அதுக்கொரு ஹோல் சோ செட் வாங்கக் கற்பிட்டி ஹாட்வெயார் கடைக்குப் போனன். கடைக்கார நானா மேல கிடந்த பெட்டியை நீட்டி, "இதக் கொண்டு போங்க தங்கச்சி, நான் பாத்துத்தான் வச்சிருக்கன்" எண்டார்.

ஏன் அதையே நீட்டுறார்? ஆரோ திருப்பிக் குடுத்ததாக்கும்.

"வேணாம் நானா, ஆக அடியில கிடக்கிறதைத் தாங்கோ" எண்டன். அதை எடுத்துத் தந்தார்.

வீட்டில திறந்தால், வெட்டுற வளையம் எல்லாம் இருக்கு. அதுகளை ட்ரில்லில பூட்டுற நடுத்தண்டைக் காணேல்லை. அது இல்லாமல் ஒரு ஓட்டையும் வெட்டேலாது.

"அந்தாள் நல்லதைத்தானே தந்தது, நீதான் வேணாமெண்டாய்" எண்டு என்ர மனுசன் சிரிக்கிறார்.

இவருக்கு விளங்காது. நான் அடிப்பெட்டியைத்தான் கேப்பன் எண்டு நானாவுக்குத் தெரியும். அதுதான் மேல்பெட்டியை நீட்டினவர்.