ஊஞ்சல் கிளி லேபிள்

சென்னை
18.8.2025

பிரியமுள்ள மதினிக்கு,

நீங்களும் அண்ணனும் சுகம்தானே? போனில் பாதியிலேயே வைத்துவிடுகிறேன் என்று கோபித்துக்கொண்டு உங்கள் அச்சகத்தில் அடிக்கிற எங்கள் அலுவலக டைரியின் ப்ரூஃப் கட்டுக்குள் கடிதம் வைத்து அனுப்பினீர்களே, அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இனி நானும் அப்படியே.

எங்கள் அலுவலகத்துக்கு நல்ல காலம். வியாபார வழக்குகள் நடத்துவதில் இந்த ஆண்டின் சிறந்த அலுவலகம் என்று ஒரு சட்டப் பத்திரிகை எங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. இளம் வழக்கறிஞர்கள் வரிசையில் என் பெயர்! சிமெண்ட் ஏஜென்சி வழக்கு, ஓட்டல் பங்காளிகள் வழக்கு, ஊஞ்சல் கிளி லேபிள் வழக்கு, மூன்றும் எங்கள் டைரியின் முதல் பக்கத்தில் வர வேண்டும். பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளி வழக்கில் பாதிப் பெருமை உங்களுக்கு. எங்கள் கட்சிக்காரரின் பட்டாசுக் கம்பெனி ஊஞ்சலில் ஆடும் கிளிப் படத்தை லேபிளில் போட ஆரம்பித்தது 2025 ஜனவரியில். தாயில்பட்டியில் சின்னக் கம்பெனி வைத்திருக்கும் ராக்கப்பன், 2024 நவம்பரிலேயே தான் போட்டதாகச் சொன்னார். கையில் ஒரு சீட்டும் இல்லை. நீங்கள் அடித்த லேபிள்களை ஒட்டி வைக்கும் அச்சகத்து சேம்பிள் ஆல்பத்திலிருந்து நீங்கள் படம் எடுத்து அனுப்பிய பக்கத்தில், அவர் லேபிளுக்கு மேலே கொட்டை எழுத்தில் 2025 என்று இருந்தது. அது சீசன் வருடம் என்று அவருடைய வக்கீல் சமாளித்தார். நான் எழுந்து, "எல்லோருக்கும் ஆண்டு ஜனவரியில் பிறக்கிறது. இவருக்கு மட்டும் தீபாவளிக்கு மறுநாள் பிறக்குமோ?" என்றேன். கோர்ட்டே சிரித்தது. அன்றே அவருக்குத் தடை உத்தரவு.

அண்ணனிடம் சொல்லுங்கள், கொஞ்சம் பெருமைப்படட்டும்.

உங்கள் செல்ல நாத்தனார்,
பெர்சிஸ்


சிவகாசி
24.8.2025

அன்பு பெர்சிஸ்,

பத்திரிகையில் வந்த உன் படத்தை உன் அண்ணன் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் விடாமல் காட்டி முடித்துவிட்டார். அடுத்தது சர்ச்சில் கோயில் பிள்ளை, ஆயர் என்று போகும். இருமல் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்தக் கேள்வியை நீ என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா, பெர்சிஸ்? இங்கே ஆண்டு தீபாவளிக்கு மறுநாள்தான் பிறக்கும். ஒரு தீபாவளி முடிந்ததும் அடிக்கிற லேபிள் எல்லாம் அடுத்த தீபாவளிக்கு. அதனால் ஆல்பத்தில் அடுத்த வருடத்தைத்தான் எழுதுவோம். காரியாபட்டியில் பருத்திக்காடு பார்த்து வளர்ந்த உனக்கு இது எப்படித் தெரியும்? எதற்கு என்று கேட்காமல் படம் எடுத்து அனுப்பிய என்னைத்தான் சொல்ல வேண்டும்.

பழைய ஆர்டர் சீட்டுகளைத் தேடி எடுத்தேன். ராக்கப்பன், ஊஞ்சல் கிளி, 8.11.2024. கீழே என் கையெழுத்து. அந்த மனிதர் சொன்னது உண்மை. தீபாவளிக்கு இரண்டு மாதம்கூட இல்லை, அவர் சரக்கு முழுக்கக் குடோனில் கிடக்கிறது. என்ன செய்யலாம், சொல்.

உன் மதினி,
ஞானபூரணி


சென்னை
29.8.2025

மதினிக்கு,

சுகம். இருமல் இல்லை.

ராக்கப்பனுக்கும் ஒரு வக்கீல் இருந்தார். சீட்டைத் தேடி எடுப்பது அவர் வேலை, என் வேலை இல்லை. இப்போது நான் போய், தவறாக வாதாடி ஜெயித்தேன் என்று சொன்னால் சீனியர் சபரிநாதன் முகத்தில் எப்படி விழிப்பேன்? இந்த இடத்துக்கு வர ஒன்பது வருடம் ஆயிற்று, உங்களுக்குத் தெரியாதா? அந்தச் சீட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

பெர்சிஸ்


சிவகாசி
3.9.2025

என் தங்கமே,

உன் கடிதம் கோபமாக வந்தது. வரட்டும். என்னிடம் கோபப்படாமல் வேறு யாரிடம் படுவாய்?

நான் தாயில்பட்டிக்குப் போய் ராக்கப்பனைப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். உட்கார வைத்துக் கலர் வாங்கிக் கொடுத்தார். "தோத்ததுகூடப் பெருசில்லைம்மா. அம்புட்டுப் பேரும் சிரிச்சுப்புட்டாக. பொய் சொல்றவன்னு ஆயிப்போச்சு. வேலைக்கு வர்ற பொம்பளைக மூஞ்சியப் பாக்க முடியலை" என்றார். நான் கலர் பாட்டிலை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

சீட்டை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லப் போகிறேன். உங்கள் கட்சிக்காரர்தான் எங்கள் அச்சகத்துக்குப் பெரிய ஆர்டர் கொடுப்பவர். அதனால் முதலாளி, "கோர்ட்டுக்குப் போனீகன்னா திரும்ப இங்கன வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். உன் அண்ணன், போய் வா என்றார்.

உனக்குத் தெரியாமல் செய்ய மனமில்லை, அதனால் முதலில் உனக்கு எழுதுகிறேன். அங்கே நீ என்னைக் குறுக்கு விசாரணை செய்தால் நன்றாகச் செய். மதினி என்று தயவு பார்க்காதே. முடிந்ததும் உன் அறைக்கு வந்து உனக்கு ரசம் வைத்துத் தருகிறேன்.

எப்போதும் உன்
ஞானபூரணி


சென்னை
12.9.2025

மதினி,

நீங்கள் வர வேண்டாம். நானே சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை சீனியர் மேசையில் வைத்தேன். முழுக்கப் படித்தார். கட்சிக்காரரிடம் தானே பேசினார். பிறகு, "நீ சொன்னதை நீயே போய்த் திருத்து" என்றார். நேற்று எழுந்து நின்று, சிவகாசி வழக்கம் தெரியாமல் வாதாடினேன், ராக்கப்பன் சொன்னது சரி என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நீதிபதி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், சொன்னேன். அந்தச் சீட்டை அனுப்பச் சொல்லி அச்சகத்துக்குக் கோர்ட்டே உத்தரவு போட்டுவிட்டது. இனி உங்கள் முதலாளி உங்களைக் குறை சொல்ல வழியில்லை. தடை நீங்கிவிட்டது. ராக்கப்பன் சரக்கு இந்த வாரமே லாரி ஏறும்.

அவர் வராண்டாவில் நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "ஏதோ தெரியாம நடந்துபோச்சு, விடுங்கம்மா. சாப்பிட்டீகளா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கட்சிக்காரர் தன் வழக்குகளையெல்லாம் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். பத்திரிகைக்கு நடந்ததை எழுதிவிட்டேன், என் பெயரை எடுத்துவிட்டதாக அடுத்த இதழில் போடுவார்கள். டைரியில் கிளி வழக்கு வரியை அடித்துவிடுங்கள். போன தடவை நான் எழுதியது கடிதமே இல்லை, அதைக் கிழித்துப் போடுங்கள்.

சீனியர் இரண்டு நாளாக வேலை எதுவும் கொடுக்கவில்லை. காலையில் அலுவலகத்துக்குள் நுழையவே பயமாக இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை ஊருக்கு வருகிறேன். உங்கள் முகத்தைப் பார்க்க மட்டும் எனக்குப் பயமில்லை, மதினி.

உங்கள்
பெர்சிஸ்