வரட்டுங்களா

உன் அம்மா வீட்டுக் கட்டுத்தரையில் இப்போது ஒரு மாடுகூட இல்லை. ஆனால் வாசலில் கால் வைத்ததுமே தவிடும் பருத்திக்கொட்டையும் கலந்த வாசம் மூக்கில் ஏறுகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் கூரை முட்ட நம் கம்பெனித் தீவன மூட்டைகள். அடியில் இருப்பவற்றில் வண்டு விழுந்துவிட்டது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வடகரப்பதிக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

கஞ்சிக்கோட்டு ஆபீசில் நம் இரண்டு நாற்காலிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விவசாயிகளைக் கூப்பிட்டுத் தீவனம் விற்கிற வேலை. நான் எடுத்ததும் "எத்தன மூட்டைங்க வேணும்?" என்பேன். நீயோ, "ஏனுங்க, அந்தச் செவலை கண்ணு போட்டுருச்சுங்களா?" என்று தொடங்குவாய். கன்று பிறந்த கதை, மருமகள் கோபித்துக்கொண்டு போன கதை எல்லாம் ஓடி, கடைசியில் அவர்களே மூட்டை கேட்பார்கள். எனக்கு வயிறு எரியும். "நீ தீவனம் விக்கறயா, சம்பந்தம் பேசறயா புள்ள?" என்று கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான் புள்ள" என்பாய்.

நீ கேட்ட கதைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள். எந்த வீட்டில் எத்தனை கறவை, எது சினை, யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாமும். எந்த வீட்டில் தீவனம் நாளைக்குத் தீரும் என்று அது இன்றைக்கே சொல்லும். போட்டிக் கம்பெனிக்காரன் விலையைக் குறைத்துக்கொண்டு லாரியோடு வந்து நிற்பதற்குள் அந்த வீட்டில் நம் மூட்டை இறங்கியிருக்கும். "விலையில தோத்தாலும் நேரத்துல ஜெயிக்கணும்" என்று மேனேஜர் நெஞ்சை நிமிர்த்துவார். நமக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் நீ அந்தக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கு நின்றாய். பேச்சை எப்போதும் "அப்ப வரட்டுங்களா?" என்று முடிப்பாய். அந்தப் பக்கம் "வாங்க, வாங்க" என்றால்தான் போனை வைப்பாய். ஆனால் அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று தெரிந்தால் இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வைத்துவிடுவாய். ஒவ்வொரு பேச்சுக்கும் மதிப்பெண் போடுகிற கம்ப்யூட்டர் அதற்கெல்லாம் குறைத்தது. பேச்சு முறையாக முடியவில்லையாம். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது என்ன சீறு சீறினாய். "எழவு ஊட்டுல போய் வர்றேன்னு சொல்லுவாங்களா சார்? மறுபடி ஒரு எழவுக்கு வர்றேன்னு அர்த்தமுங்க. கட்டையில போற கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா?"

தெரியவில்லை. கடைசி வரை அதற்கு அது தெரியவே இல்லை.

பிறகு உன்னைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துப் பக்கம் பக்கமாகப் படிக்கச் சொன்னார்கள். உன் குரலைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கப் போகிறார்கள் என்றார்கள். "என்ற கொரலு வேல செஞ்சா நானு ஊட்டுல தூங்கலாமாட்ட இருக்குது" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாய். உன் பழைய பேச்சுகளையும் அதற்குப் பாடமாகக் கொடுத்தார்கள், முழு மதிப்பெண் வாங்கியவற்றை மட்டும். சாவு வீடுகளில் வரட்டுமா என்று கேட்காமல் நீ வைத்தவை ஒன்றுகூட அதில் சேரவில்லை.

அப்புறம் நெடுஞ்சாலையில் அந்த லாரி. உன்னை எரித்துவிட்டு வந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஆனால் ஊர் ஊராக உன் குரல் போய்க்கொண்டிருந்தது. "ஏனுங்க, செவலை எப்படி இருக்குதுங்க?" மற்ற நாற்காலிகளும் ஒவ்வொன்றாகக் காலியாகின. நான் மட்டும் அந்தக் குரல் தடுமாறுகிற இடத்தைக் கேட்டுக் குறிக்க மிஞ்சியிருக்கிறேன். நம் ஊர்ப் பக்கம் இப்போது வேறு கம்பெனித் தீவனமே இறங்குவதில்லை. உன்னோடு யார் போட்டி போட முடியும்?

உன் அம்மா பெயரும் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. அவரும் ஒரு வாடிக்கைக்காரர்தானே. நீ போனதும் பார்க்க ஆளில்லாமல் மாடுகளை விற்றுவிட்டார். அது தெரியாமல் உன் குரல் அவரைக் கூப்பிட்டது. நலம் கேட்டது. கடைசியில், துக்கம் கலையாத அந்த வீட்டில், "அப்ப வரட்டுங்களா?" என்றது. உன் அம்மா "வா கண்ணு" என்று சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு இரண்டு மூட்டை வாங்கினார். வாங்கினால் மறுபடி கூப்பிடும் என்று புரிந்துகொண்டார். நிறையப் பேசுகிறவர் நிறைய வாங்குவார் என்று கம்ப்யூட்டரும் புரிந்துகொண்டது. இப்போது அடிக்கடி கூப்பிடுகிறது. நான் போன் செய்தால்கூட அம்மா எடுப்பதில்லை. அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயமாம்.

மேனேஜரிடம் போய் அந்த நம்பரை எடுத்துவிடச் சொன்னேன். "கஸ்டமர் நேரா போன்ல விளிச்சுச் சொன்னா எடுக்கலாம். நல்லா வாங்கற கஸ்டமர நாமளா எதுக்கு விடணும்?" என்றார். ஆத்திரம் பொறுக்காமல்தான் இன்றைக்குக் கிளம்பினேன், அம்மா வாயாலேயே சொல்ல வைத்துவிடலாம் என்று.

ஆள் பாதியாகிவிட்டார். "அம்மா, அது அவளில்லீங்க. மெஷினுங்க" என்றேன்.

"தெரியாதா கண்ணு எனக்கு? நாந்தான கொள்ளிக்கு அனுப்பி வெச்சேன். கொரலு அவளுதுதான? அதையும் நிறுத்திப் போடாத சாமி."

அப்போது போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டார். நீதான். அதே இழுப்பு, சிரிப்புக்கு முன்னால் மூச்சை லேசாகப் பிடிக்கிற அதே பழக்கம். மாட்டை விசாரித்தாய், மழையை விசாரித்தாய். உன் அம்மா இல்லாத மாட்டுக்கெல்லாம் பதில் சொன்னார். முடிவில் வழக்கம்போல, "அப்ப வரட்டுங்களா?"

உன் அம்மா 'வா' என்று சொல்லவில்லை. போனைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "நீ வரவே மாட்டேங்கறயே. நானு வரட்டுமா கண்ணு?" என்று கேட்டார்.

மூட்டை எடுக்க நேரில் வரட்டுமா என்று கேட்பவர்களுக்கு நீ வழக்கமாகச் சொல்கிற பதிலைத்தான் அது சொன்னது. எல்லாப் பெண்களையும் நீ அழைப்பது போலவே 'அம்மா' என்று அழைத்தது. "வாங்கம்மா, தாராளமா வாங்க. நாளைக்கே வேணும்னாலும் வாங்க."

உன் அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. நீ போனதற்குப் பிறகு அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அவரைத் தனியே விட்டுவிட்டுக் கிளம்ப மனம் வரவில்லை. இருட்டுகிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது வேண்டுமென்றே சத்தமாக, "போயிட்டு வரட்டுங்களாம்மா?" என்றேன். எப்போதும் "வா கண்ணு, பாத்துப் போ" என்கிறவர். இன்றைக்குப் பதில் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து, நீ வாங்கிக் கொடுத்த சேலையை எடுத்து மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்குப் படுக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

விடிந்ததும் வேலைக்குப் போகாமல் வடகரப்பதிக்குப் போகிறேன். அவரோடு இருக்கப் போகிறேன். உன் குரல் கூப்பிட்டால் நானே எடுத்து, ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுவேன். நீ விட்டுப்போனதில் கம்பெனிக்குப் போகாமல் என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பழக்கம்தான்.

இந்த மடலை எப்படி முடிப்பது என்றுதான் தெரியவில்லை. உன்னிடம் வரட்டுமா என்று கேட்க மாட்டேன் புள்ள. நீ வா என்று சொல்லிவிடுவாய்.