பதினொரு சீட்டு

ஆகஸ்ட் 7

புழுக்கம். பூர்ணிமா அக்கா வீட்டில் வேலைக்குச் சேர்ந்து இன்றோடு நாலு மாதம். பேருக்குத்தான் வீடு. முன் அறை முழுக்கக் கண்ணாடி பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட்டில் ஊறும் ஓர் அரணை; நாங்கள் பாம்புராணி என்போம். மணலுக்குள் நீந்துகிற மாதிரிப் போகும் சின்ன வகை. ஊசுட்டேரிக் கரையின் கெட்டி மண்ணில் இருக்கும் அரணைக்குக் கால் ஒரு மயிரிழை நீளம். நோணாங்குப்பம் மணல்மேட்டில் இருக்கும் அரணைக்குக் குட்டை. மணலிலேயே வாழ்ந்து வாழ்ந்து தலைமுறைக்குத் தலைமுறை கால் குறைகிறதா என்பதுதான் அக்காவின் ஆராய்ச்சி.

மாடியில் இருக்கும் வீட்டுக்கார தெரேஸ் அம்மா இன்றும் படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “மோன் தியே, கடவுளே, பாம்புராணிக்கு ஒரு ஆஸ்பத்திரி. வாடகை நீ குடுக்கறியா, அதுங்க குடுக்குதா?”

அக்கா சிரித்தார். நான் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் சிரிக்க வேண்டும் என்று தோன்றும். அதற்குள் நேரம் போய்விடும்.

ஆகஸ்ட் 9

அக்காவின் அப்பாவுக்கு நெஞ்சு வலி. பாகூரிலிருந்து கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அக்கா இரண்டு சுடிதாரைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினார். “தெனம் வந்து கூட்டிட்டுப் போ அஞ்சலை. கீழ்த்தட்டுல இருக்கற பதினொன்ன இன்னும் அளக்கல, நோட்டுலயும் ஏத்தல. நான் வந்து பாத்துக்கறேன்.”

சாவி என்னிடம். இதுவரை யாரும் எனக்குச் சாவி தந்ததில்லை.

ஆகஸ்ட் 11

கூட்டித் துடைக்கப் பத்து நிமிடம்தான். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தேன். கீழ்த்தட்டுக்கு வெளிச்சம் படாமல் துணி தொங்கும். அதை விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் ஒரு சீட்டு, பிடித்த இடமும் தேதியும் எழுதி. அக்காவின் எழுத்து பென்சிலில், கோழி கிளறிய மாதிரி.

பள்ளிக்கூடத்தில் என்னைப் பாராட்டியது கையெழுத்துக்கு மட்டும்தான். ஒன்பதாவதில் இங்கிலீஷ் வாசிக்க எழுந்து, வார்த்தை வராமல் நின்று, வகுப்பே சிரித்ததற்குப் பிறகு நான் போகவில்லை. ஆனால் அதற்கு முன்னால் என் நோட்டைப் பக்கத்து வகுப்புகளுக்கெல்லாம் எடுத்துப்போய்க் காட்டுவார்கள்.

பதினொரு சீட்டையும் புதிதாக எழுதினேன். நீல பால்பாயிண்ட் பேனா, என் முத்து முத்தான எழுத்து. உள்ளே போட்டு மூடினேன். பழையவை குப்பைக்கு. யார் எழுதியது என்று அக்கா கேட்பார். உடனே சொல்லமாட்டேன்.

ஆகஸ்ட் 14

கூட்டினேன். வந்தேன்.

ஆகஸ்ட் 16

எப்படி எழுதுவது இதை.

துணியை விலக்கினேன். ஸ்பிரிட் லேசான நீலமாக இருந்தது. அரணை இருக்கிறது, சீட்டு இருக்கிறது, எழுத்து இல்லை. பதினொன்றிலும். பேனா மை ஸ்பிரிட்டில் கரையும். அதனால்தான் பென்சில் — நாலு மாசம் கண்ணால பாத்தேனே, அந்த ரூம்ல ஒரு பேனாகூட இல்லியே, ஏன்னு கேட்டேனா? கேக்க வாய் வேணும் இல்ல.

குப்பை வண்டி வந்துபோய் அஞ்சு நாள் ஆகிறது.

ஆகஸ்ட் 17

ஊசுட்டேரிச் சீட்டு ஆறு, நோணாங்குப்பம் சீட்டு ஐந்து. அது நினைவிருக்கிறது. எது எந்த இடம் என்பது நினைவில்லை. காலைப் பார்த்துச் சொல்லவும் தெரியவில்லை. என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஸ்பிரிட்டை மாற்றினேன். பென்சிலை எடுத்தேன். தோன்றிய பாட்டிலுக்குத் தோன்றிய ஊர், தோன்றிய தேதி. என் எழுத்தில் இருந்தால் தெரிந்துவிடும் என்று அக்காவின் எழுத்து மாதிரியே எழுதினேன். இரண்டு தாளில் பழகிப் பார்த்துவிட்டு எழுதினேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

வெள்ளையான சீட்டுகளை எறிய மனம் வரவில்லை. இந்த நோட்டுக்குள் இருக்கின்றன.

ஆகஸ்ட் 22

அக்கா வந்துவிட்டார். அப்பா தேறிவிட்டாராம். வந்ததும் அளக்க உட்கார்ந்தார். ஒவ்வொரு சீட்டையும் பார்த்து நோட்டில் ஏற்றினார். சந்தேகமே படவில்லை. அவருடைய எழுத்துதானே.

ஆகஸ்ட் 29

நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். “அஞ்சலை, இங்க வா, இங்க வா” என்று அக்கா கூப்பிட்டார். அப்படி ஒரு குரலில் அவர் கூப்பிட்டதே இல்லை.

“மணல்மேட்டுல நீளக் கால் இருக்கு. மூணு. குட்டக் கால் பக்கத்துலயே. ரெண்டும் ஒரே மணல்ல இருக்குன்னா இன்னா அர்த்தம் தெரியுமா? ரெண்டும் சேந்து வாழற எடம் வேற எங்கயும் இல்ல, கதையே மாறுது. அந்த மேட்டுல இருக்கற சவுக்கத் தோப்ப வெட்டி காட்டேஜ் கட்டப் போறானுங்க. இத எழுதி வனத்துறைக்குக் குடுத்தா நிறுத்திடலாம்.”

என் கையில் சோப்பு நுரை. தலையை ஆட்டினேன்.

ஆகஸ்ட் 30

அம்மா குருசுக்குப்பத்தில் மீன் விற்றுவிட்டு வந்து கால் கழுவும்போது எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“செத்த பாம்புராணிக்கு எந்த ஊருன்னு எவன் வந்து கேக்கப் போறான்? மரம் பொழைக்குதுல்ல, நல்லதுதான? வாய மூடிக்கினு வேலையப் பாரு.”

வாயை மூடுவது எனக்குக் கஷ்டமில்லை.

செப்டம்பர் 1

மரம் பிழைக்கும் என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் கண்ணில் வருவது, அக்காவின் எழுத்தைப் பழகிய என் கைதான்.

செப்டம்பர் 4

நாளை வனத்துறைக்குக் கடிதம் போகிறது.

பேச வராது என்று தெரியும். வெள்ளைச் சீட்டுகளைக் கொண்டுபோய் மேஜையில் வரிசையாக வைத்தேன். அதில் ஒன்றை அக்கா எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பேனா அழுத்திய தடம் லேசாக இருந்தது. ஊர் படிக்க முடியவில்லை.

“எத்தன பாட்டில்?”

“பதினொன்னும்.”

“அப்ப உள்ள இருக்கறது?”

“நான் எழுதனது.”

“என் எழுத்து மாதிரியா?”

அக்கா சீட்டைத் திரும்ப வரிசையில் வைத்தார். பிறகு, “காலப் பாத்து ஊர் எழுதிக்கலாம்னு தோணும். ஊர் தெரிஞ்சாத்தான அந்தக் காலுக்கு அர்த்தம்” என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. “இனிமே கொன்னு எடுக்க பர்மிட்டும் இல்ல. பதினோரு உயிரு.”

திட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

“இன்னிக்கு வீட்டுக்குப் போ, அஞ்சலை.”

செப்டம்பர் 5

போகவில்லை.

செப்டம்பர் 6

போகவில்லை. தெரு பைப்படியில் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்து இல்லை. ஆனாலும் குடத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 9

தெரேஸ் அம்மா மீன் வாங்கும்போது அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: “அந்தப் பொண்ண வரச் சொல்லு. உங்க பாம்புராணி டாக்டரம்மா தானே கூட்டுறேன்னு மாடிப்படியெல்லாம் மண்ணா அடிக்குது.”

செப்டம்பர் 11

போனேன். பதினொரு பாட்டிலும் மேஜைமேல் இருந்தன. பக்கத்தில் வெட்டிய தாள்கள், ஒரு பென்சில்.

“இடம் தெரியவில்லைன்னு எழுது. உன் எழுத்துல.”

பதினொரு தடவை எழுதினேன். கடைசி மூன்றில் எழுத்து கோணிவிட்டது. மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

கடிதம் போய்விட்டதாம். நீளக் கால் சங்கதி அதில் இல்லை. அது இல்லாமல் எடுபடுமா என்று தெரியவில்லை என்றார். என்ன தவறு நடந்தது என்று ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒரு வரி எழுதியிருக்கிறார். என் பெயரைப் போட்டீர்களா என்று கேட்டேன். “பாட்டில் என் பொறுப்பு. என் பேருதான் வரும்.”

அதைக் கேட்டதும் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

செப்டம்பர் 30

கூட்டுகிறேன், கழுவுகிறேன். சீட்டுப் பக்கம் போவதில்லை. போகச் சொல்வதும் இல்லை. வனத்துறையிலிருந்து பதில் இல்லை.

அக்டோபர் 27

விடிந்ததும் நோணாங்குப்பம் போனோம். இந்த முறை கொல்வதில்லை. பிடித்து, அளந்து, அங்கேயே விடுவது. தண்ணீர் கொண்டுவர நீயும் வா என்றார் அக்கா.

சவுக்குத் தோப்பில் பாதி மரங்களில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டிருந்தார்கள். வெட்டுவதற்கான அடையாளம். அக்கா ஒரு மரத்தின் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நடந்தார்.

சருகுக்கு அடியில் ஒன்பது கிடைத்தன. எல்லாம் குட்டைக் கால். பத்தாவது அக்காவின் இரண்டு கைகளுக்குள்ளும் நெளிந்துகொண்டிருந்தது. நழுவிவிடும் போலிருந்தது.

“என் காது பின்னால பென்சில் இருக்கு, எடு. எழுது.”

நான் நின்றேன்.

“எழுது அஞ்சலை, வழுக்குது.”

எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல இடம், தேதி, காலின் அளவு எழுதினேன். அளவை ஒருமுறை திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார்.

“கீழ, எழுதனவங்க பேரு.”

அஞ்சலாட்சி என்று முழுப் பெயரையும் எழுதினேன். அக்கா கையைத் திறந்தார். அது மணலுக்குள் போய்விட்டது.