பத்து நிமிட டீ இடைவேளையும் ஐம்பது நிமிடப் பாடமும்

புரொபசர் தோழரே,

கட்சி ஆபீசுக்கு வெள்ளையடிப்பதற்காக இன்று காலை பீரோவை நகர்த்தினோம். பின்னால் உங்கள் கை மைக் கிடந்தது. முகத்தருகே கொண்டுபோனால் இன்னும் கிராம்பு வாசம். தொண்டைக்கு நல்லது என்று ஓயாமல் மென்றீர்களே, அந்தக் கிராம்பு. உங்கள் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்டவர்கள் காதுதான் பாவம்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில், சட்டக் கல்லூரி வேலையை விட்டுவிட்டு நீங்கள் திருப்பூர் வந்தபோது, பெரிய ஆள் கிடைத்துவிட்டார் என்று குதித்தோம். முதல் கவுன்சிலர் தேர்தலிலேயே அது அடங்கியது. "நீங்க ஜெயிச்சா தண்ணி தினமும் வருங்களா?" என்று நம் வார்டு ராயபுரத்தில் ஓர் அம்மா கேட்டார். "வருமுங்க" என்றால் முடிந்தது. நீங்களோ, "கவுன்சிலருக்கு அந்த அதிகாரம் இல்லீங்கம்மா, தீர்மானம் கொண்டு வரலாம்" என்று தெருத்தெருவாக விளக்கினீர்கள். டெபாசிட் போனது. "பொய் சொல்லித் தோக்கலீங்களே தோழர்" என்று எனக்கு ஆறுதல் வேறு.

அப்புறம்தான் என் வீட்டுக்காரி சரசுவுக்கு வேலை போனது. பனியன் கம்பெனியில், தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங் பெண்கள் ஆறு பேர் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டார்கள். மறுநாள் ஆறு பேரையும் உள்ளே விடவில்லை. மற்றவர்கள் வேலையை நிறுத்தினால்தான் வழி. கம்பெனி வாசல் டீக்கடையில் அவர்களிடம் பேச நமக்குக் கிடைத்தது பத்து நிமிட டீ இடைவேளை. உங்கள் பழக்கமோ ஐம்பது நிமிடம்.

முதல் நாள், 'தொழிலாளி என்பவர் யார்' என்று தொடங்கினீர்கள். வரையறை முடியுமுன் மணி அடித்தது. டீ கிளாசை வைத்துவிட்டு எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். இரண்டாம் நாள் உங்கள் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். யாரோ நெருக்குகிறார்கள் என்று தள்ளி நின்று பேசினீர்கள். "சுருக்கமாச் சொல்லுங்க தோழர்" என்றால், "சட்டத்தைச் சுருக்குனா வதந்தி ஆயிருமுங்க" என்றீர்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் அடுப்பு எரிந்ததே சரசுவின் சம்பளத்தில்தான்.

மூன்றாம் நாள் வகுப்பறையின் இன்னொரு பழக்கம் தலைகாட்டியது. "இவங்களை எதுக்கு நிறுத்துனாங்க? யாராச்சும் சொல்லுங்க பார்க்கலாம்" என்று கேட்டீர்கள். எல்லோரும் டீயை ஊதினார்கள். வாத்தியார் வழக்கப்படி கடைசியில் நின்றவளைக் கைகாட்டினீர்கள். அது சரசு. மைக்கை வாங்கினாள்.

"ஏனுங்கக்கா, தாழ்ப்பாள் இல்லாம ஒருத்திக்கு ஒருத்தி கதவைப் புடிச்சுட்டு நின்னமுங்களே. இப்ப எங்களுக்காக ஒருநாள் நிக்க மாட்டீங்களா?"

மணி அடித்தது. யாரும் அசையவில்லை.

"ஷிப்மென்ட் இருக்குதுங்க" என்று மேனேஜர் ஓடி வந்தார். புதிதாக ஒருவர் கேட்க வந்த சந்தோஷத்தில், அவருக்கு முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள்: தொழிலாளி என்பவர் யார்? சாயங்காலத்துக்குள் ஆறு பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். தாழ்ப்பாளும் வந்தது. பாடத்துக்குப் பயந்துதான் என்று சரசு இன்றும் சொல்வாள்.

பிறகு நீங்கள் கவுன்சிலர் ஆனதும், நகர்மன்றத்தில் உங்களை உட்காரவைக்க மன்றத் தலைவர் பட்ட பாடும் ஊரறிந்த கதை.

ஆனால் ஆறு பேருக்கும் வேலை திரும்பக் கிடைத்த அன்று சாயங்காலம் என் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தீர்கள். வழியெல்லாம் பேச்சே இல்லை. உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து வண்டியை நிறுத்தினேன். உங்கள் கண் கலங்கியிருந்தது.

"இருபது வருசம் பாடம் எடுத்தேனுங்க தோழர். மணி அடிச்சதுக்கப்புறம் ஒரு வகுப்புகூட எனக்காக இருந்ததில்லீங்க."

'உங்களுக்காக இல்லீங்க, சரசுக்காக' என்பது வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். அதை இன்றுவரை வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறேன், சரசுவிடம்கூடச் சொன்னதில்லை.