மடியில் கனம்

ஜூலை 8, செவ்வாய்

பேருந்து புறப்படும் இடத்திலேயே ஏறுகிறேன். அதனால் எப்போதும் உட்கார இடம் உண்டு. அதனால் எப்போதும் மடியில் ஒரு பையும் உண்டு.

மூன்றாவது நிறுத்தத்தில் அவள் ஏறுவாள். ஒன்பதாம் வகுப்பு. "அக்கா, கொஞ்சம்..." அந்த வாக்கியம் முடிந்ததே இல்லை. அதற்குள் பை வந்து உட்கார்ந்துவிடும். நிற்பவர்களின் சுமைக்கு உட்கார்ந்திருப்பவர்கள் மடி கொடுக்க வேண்டும் என்பது எந்தப் பேருந்திலும் எழுதி வைக்காத சட்டம்.

இறங்கும்போது கால் மரத்துப்போயிருக்கிறது. எனக்கு வயது இருபத்து நான்கு.

ஜூலை 10, வியாழன்

இன்று அவளுக்கு அறிவியல் தேர்வு. பையை என் மடியில் வைத்தபடியே திறந்து கைடை உருவினாள். செங்கல். ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல்.

"அக்கா, நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. ஒரு டவுட்டு. 'மழை எவ்வாறு உண்டாகிறது?' அப்புறம் இங்க பாருங்க, 'மழை உண்டாகும் விதத்தை விளக்குக.' ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

எனக்குத் தெரியும். ஒன்றுமில்லை. இரண்டாவதை நான் எழுதியது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

"ஆழமா யோசிக்க வைக்கிறாங்க போல" என்றேன்.

"ஆழமும் இல்ல, அகலமும் இல்ல. இதை எழுதினவர் மட்டும் என் கையில கிடைச்சாரு..."

"விடுடி, பாவம். வயசான மனுஷனா இருப்பாரு" என்றாள் அவள் தோழி.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்கு இரண்டு அர்த்தத்திலும்.

ஜூலை 11, வெள்ளி

பல்கலைக்கழகத்தில் நாலு வரிக்கு மேல் கவிதை எழுதியதில்லை நான். ஐந்தாவது வரி பொய் என்று கருத்தரங்கில் பேசியிருக்கிறேன். இப்போது கைடு போடும் பதிப்பகத்தில் உத்தியோகம் — பக்கம் நிரப்புவது. போன வருஷம் நாற்பது பக்கம் நிரப்பினேன்.

இன்று மேலாளர் கூப்பிட்டார். "அடுத்த பதிப்புல இன்னொரு நாற்பது சேருங்கம்மா. கடையில கையில தூக்கிப் பார்த்துத்தான் வாங்குறாங்க. கனமா இருந்தா பிள்ளை பாஸுன்னு நினைப்பு."

மாதக் கடைசியில் என்னை வேலையில் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. தலையாட்டினேன்.

ஜூலை 14, திங்கள்

எழுதியது மூன்று கேள்வி. மூன்றும் மழை.

ஜூலை 17, வியாழன்

திடீர் பிரேக். சாய்ந்து என் இருக்கைக் கம்பியைப் பிடித்தாள். காலர் விலகியது. தோளில் வார் பதிந்த தடம், கருத்துப்போய்.

"வலிக்குதா?"

"பழகிடுச்சுக்கா. எங்க வகுப்பு மூணாவது மாடி. நான் ஏறி முடிக்கிறதுக்குள்ள படிச்சதெல்லாம் இறங்கிடுது."

அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. அந்தத் தடத்தில் எத்தனை பக்கம் என்னுடையது?

ஜூலை 18, வெள்ளி

சொல்லிவிட்டேன். "சார், புது நாற்பது வேண்டாம். போன வருஷத்து நாற்பதையும் எடுத்துடலாம்."

கண்ணாடியைக் கழற்றினார். "அதையும் எடுத்துட்டா இங்க உங்களுக்கு என்னம்மா வேலை?"

நல்ல கேள்வி. எந்தக் கைடிலும் இல்லாத கேள்வி.

"பிள்ளைங்க யாராவது குறை சொன்னாங்களா? இருந்தா காட்டுங்க, பார்க்கலாம்."

ஜூலை 21, திங்கள்

அவள் கைடு வேண்டும், அந்தப் பென்சில் ஓரங்களோடு. எதற்கு என்று சொல்லாமல் எப்படிக் கேட்பது?

"அந்த மழை... ரெண்டாவது கேள்வி... அது நான் எழுதினது. அதையெல்லாம் எடுக்க வைக்கணும். உன் கைடை ஒரு நாள் தருவியா, ஆபீஸ்ல காட்ட?"

அவள் சிரிக்கவில்லை. "நான் கேட்டப்ப ஆழம்னு சொன்னீங்க."

பையை என் மடியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பள்ளிக்கு இன்னும் ஆறு நிறுத்தம் இருந்தது. கைடைவிட அந்தப் பொய்தான் கனத்திருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

மடி காலி. லேசாக இருந்து பழக்கமில்லை.

ஜூலை 24, வியாழன்

காலையில் இறங்கும்போது கைடை என் மடியில் போட்டாள். "நாளைக்கு வேணும்." அவ்வளவுதான் பேச்சு.

அலுவலகம் போகும்வரை ஓரங்களைப் படித்தேன். 'இதே கேள்வி, 88ஆம் பக்கம்.' 'மறுபடியுமா!' 'இவருக்கு மழைன்னா உயிர் போல.' என்னை இவ்வளவு கவனமாக இதுவரை ஒருவரும் படித்ததில்லை.

மேலாளர் புரட்டினார். ஓரிடத்தில் சத்தமாகவே சிரித்தார். முன்னுரைக்கு வந்ததும் நின்றார். 'இதை யாராவது படிப்பாங்களா?' என்று கேட்டிருந்தது பென்சில். முன்னுரை அவர் எழுதியது.

கைடை மூடி என் பக்கம் தள்ளினார்: "எடுத்துடுங்க. முன்னுரை மட்டும் இருக்கட்டும்."

என் நிரந்தரம்?

"அதை இன்னும் ஆறு மாசம் பார்ப்போம்மா."

ஜூலை 25, வெள்ளி

கைடைத் திருப்பிக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். மெலிந்த பதிப்பு வருவதற்குள் அவள் பத்தாம் வகுப்புக்குப் போயிருப்பாள் என்பதையும் சொன்னேன்.

"அப்ப எனக்கு ஒண்ணும் குறையாது."

"குறையாது."

"இதையாவது நேரா சொன்னீங்களே" என்றாள். பை அவள் தோளிலேயே இருந்தது.

ஜூலை 28, திங்கள்

கூட்டம். அவளும் தோழியும் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். முன் இருக்கைப் பெண்மணி பரிதாபப்பட்டுத் தன் மடியைத் தட்டிக் காட்டினார். "பையை இங்க வைம்மா."

"வேணாம் ஆன்ட்டி, நீங்க என்ன பாவம் பண்ணீங்க?" என்று அவரைத் தாண்டி வந்தாள். "எழுதினவங்களே சுமக்கட்டும்."

பை என் மடியில் வந்து விழுந்தது. அதன்மேல் தோழியுடையதும்.